டிஸ்டார்ஷன் போட்டதும் கிட்டார் கோர்டு கலங்கிப் போகுது, மிக்ஸ்ல தெளிவா கொண்டு வர்றது எப்படி?

ஆறாவதுதந்தி

வணக்கம். ஒரு ராக் பாட்டு மிக்ஸ் பண்ணிட்டிருக்கேன். டிரம்ஸ், பேஸ், கீபோர்டு பேட் (பின்னணியில நீளமா ஒலிக்கிற கோர்டு), குரல், கிட்டார். ஹம்பக்கர் (தந்தி அதிர்வை மின்சாரமா மாத்துற ரெட்டைச் சுருள் பிக்கப்) போட்ட கிட்டார், சாதாரண ஈ டியூனிங். ஆடியோ இன்டர்ஃபேஸ்ல நேரா சொருகி டிஐ (ஆம்ப் இல்லாத சுத்தமான பதிவு) எடுக்கிறேன், அது ஆம்ப் சிம்முக்கு (ஆம்ப் மாதிரி நடிக்கிற சாஃப்ட்வேர்) போகுது, அதுக்கப்புறம் கேபினெட் ஐஆர் (ஸ்பீக்கர் பெட்டியோட ஒலித்தன்மையைத் தர்ற ஃபைல்).

சிக்கல் கோரஸ்ல. ஏ மைனர், எஃப், சி, ஜி, நாலு கோர்டு. எல்லாத்தையும் முழு கோர்டா வாசிச்சு, இடது பக்கம் ரெண்டு டேக், வலது பக்கம் ரெண்டு டேக் வச்சிருக்கேன். கிட்டாரை மட்டும் தனியா கேட்டா பிரமாதமா இருக்கு. மத்ததெல்லாம் சேர்ந்ததும் கோர்டு மாறுறதே காதுல விழல. ஏ மைனரும் சியும் ஒரே இரைச்சலா ஓடுது.

300 ஹெர்ட்ஸ்ல 5 டெசிபல் வெட்டிப் பார்த்தேன். சத்தம் ஒல்லியாச்சே தவிர தெளிவு வரல. 3 கிலோஹெர்ட்ஸ்ல ஏத்தினா காதைக் குத்துது, குரலும் அமுங்கிப் போகுது. ஆம்ப் சிம்ல கெயின் (டிஸ்டார்ஷன் அளவு) பத்துக்கு எட்டுல இருக்கு. எங்கேயிருந்து ஆரம்பிக்கணும்னு சொல்லுங்க.

இரவுமிக்ஸ்

முதல்ல ரெண்டு ஓரத்தையும் ஒழுங்கு பண்ணுங்க. கிட்டாரோட திறந்த ஆறாவது தந்தி 82 ஹெர்ட்ஸ். அதுக்குக் கீழே இருக்கிறது எதுவும் இந்தப் பாட்டுல கிட்டாரோடது இல்ல. 80லிருந்து 100க்குள்ள ஹை-பாஸ் (அதுக்குக் கீழே இருக்கிறதை வடிகட்டுறது) போடுங்க. மேல 9 இல்லாட்டி 10 கிலோஹெர்ட்ஸ்ல லோ-பாஸ் (அதுக்கு மேலே இருக்கிறதை வடிகட்டுறது). நிஜமான 12 இன்ச் கிட்டார் ஸ்பீக்கரே 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல வேகமா இறங்கிடும். அதுக்கு மேல உங்க காதுல விழுறது பெரும்பாலும் சலசலப்புதான், அது சிம்பலோட இடம்.

அப்புறம் 200லிருந்து 400 வரைக்கும் அகலமா 2, 3 டெசிபல் வெட்டினாப் போதும், 5 ரொம்ப அதிகம். 3 கிலோஹெர்ட்ஸை ஏத்தாதீங்க, அங்கே குரல் உட்காரட்டும். இதைப் பண்ணிட்டு எப்படி இருக்குன்னு சொல்லுங்க.

பழையவால்வு

இரவுமிக்ஸ் கொடுத்த எண்களோட எனக்குச் சண்டை இல்லை. ஆனா இந்தப் பாட்டுக்கு ஈக்யூ (அலைவரிசையை வெட்டுறது, ஏத்துறது) இரண்டாவது வேலை. ஏ மைனரையும் சியையும் காது பிரிச்சுச் சொல்லலைன்னா, ஏதோ ஒரு அலைவரிசை கூடிப்போனதால மட்டும் அது நடக்காது. நீங்க வாசிக்காத சுரங்கள் உள்ளே வந்துடுச்சு.

டிஸ்டார்ஷன் வழியா ஒரே ஒரு சுரம் போனா, அதோட மடங்குகள் மட்டும் கூடும். 110 ஹெர்ட்ஸ் போனா 220, 330, 440. எல்லாம் அதே சுரத்தோட சொந்தக்காரங்க, அதனால இனிமையாவே இருக்கும். ரெண்டு சுரம் ஒரே நேரத்துல போனா கதை வேற. ரெண்டோட கூட்டலும் கழித்தலும் புதுசா பிறக்கும். ஒன்றோட இரட்டிப்பிலிருந்து இன்னொன்றைக் கழிச்சதும் பிறக்கும்.

ஐந்தாவது தந்தி ஏ, 110 ஹெர்ட்ஸ். அதோட ஈ, 164.8 ஹெர்ட்ஸ். இது பவர் கோர்டு, அதாவது வேர் சுரமும் அதோட ஐந்தாம் சுரமும் மட்டும். கழிச்சா 54.8, அது ஓர் ஆக்டேவ் கீழே இருக்கிற ஏ. ஈயை இரட்டிச்சு ஏயைக் கழிச்சா 219.6, அது மேல் ஆக்டேவ் ஏ. பிறந்த குழந்தைகள் எல்லாம் குடும்பத்துக்குள்ளேயே இருக்கு. பவர் கோர்டு எவ்வளவு கெயினையும் தாங்குறதுக்குக் காரணம் இதுதான்.

இப்போ ஈக்குப் பதிலா மைனர் மூன்றாம் சுரம் சி வைங்க, 130.8 ஹெர்ட்ஸ். கழிச்சா 20.8, அது வெறும் உறுமல். சியை இரட்டிச்சு ஏயைக் கழிச்சா 151.6. அது டிக்கும் டி ஷார்ப்புக்கும் நடுவுல, எந்த ஃப்ரெட்டிலேயும் இல்லாத இடம். ஏயை இரட்டிச்சு சியைக் கழிச்சா 89.2, அதுவும் எஃப்புக்கும் எஃப் ஷார்ப்புக்கும் இடையில. போதாததுக்கு ஏயோட ஐந்தாம் மடங்கு 550, அது சி ஷார்ப் பக்கம் நிக்கும். நீங்க வாசிக்கிற சிக்கு அது நேர் எதிரி. அஞ்சு ஆறு தந்தியை ஒண்ணா அடிச்சா இந்த மாதிரி ஜோடி எத்தனைன்னு நீங்களே கணக்குப் போடுங்க. அந்தக் கூட்டம்தான் உங்க கலங்கல்.

151 ஹெர்ட்ஸை ஈக்யூல வெட்டலாமேன்னு தோணும். கோர்டு மாறினா அந்த இடமும் மாறும். பக்கத்துலேயே உங்க 164ம் இருக்கு. பிறந்த பிறகு பிரிச்செடுக்க வழி இல்லை, பிறக்காமப் பார்த்துக்கணும்.

உங்ககிட்ட டிஐ இருக்கிறதால இதை இன்னிக்கே சோதிக்கலாம். ஏ மைனரை நீளமா ஒலிக்கவிட்ட ஒரு இடத்தை எடுத்து லூப் போடுங்க. கெயினை எட்டுலிருந்து மெதுவா இறக்கிக்கிட்டே வாங்க, சத்த அளவு மட்டும் குறையாம ஈடு கட்டுங்க. நாலு பக்கம் வரும்போது சி சுரம் தனியா எழுந்து நிக்கும். அந்த இடத்தைக் குறிச்சு வச்சுக்கோங்க. தனியா கேட்டா கொஞ்சம் பத்தாத மாதிரி இருக்கும், ஆனா நாலு டேக் சேரும்போது அடர்த்தி தானா வந்துடும்.

இன்னொண்ணு, ஆம்ப் சிம்முக்குள்ள போற அளவையும் பாருங்க. டிஐ ரொம்ப சூடா பதிவாகியிருந்தா குமிழ் நாலுன்னு காட்டினாலும் உள்ளே ஏழு மாதிரிதான் நடக்கும். பலமா அடிக்கும்போது உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் இருக்கட்டும்.

மெல்லிசை_மதி

பழையவால்வு அண்ணா சொன்னதுல இருந்தே ஒரு வழி பிறக்குது. ரெண்டு சுரம் *ஒரே* டிஸ்டார்ஷன் வழியா போனாத்தான் இந்தக் கலப்பு நடக்கும். தனித்தனி ட்ராக், தனித்தனி ஆம்ப் சிம்னு போனா, கடைசியில மிக்ஸ்ல வெறும் கூட்டல் மட்டும்தான். கலப்பு சுரம் பிறக்காது. அதனால கோர்டை உடைச்சு வாசிங்க.

உங்க நாலு கோர்டுக்கே எழுதித் தர்றேன். அடித்தளமா இடது, வலது ரெண்டு பக்கமும் பவர் கோர்டு மட்டும்: ஏ, எஃப், சி, ஜி. பேஸும் இதையேதான் வாசிக்கும், அதனால கோர்டோட வேர் எங்கேயும் போகாது.

அதுக்கு மேல ஒத்தைச் சுரமா ரெண்டு வரி. மூணாவது தந்தியில 5, 5, 9, 7 ஃப்ரெட். அதாவது சி, சி, ஈ, டி. ரெண்டாவது தந்தியில 5, 6, 8, 8. அதாவது ஈ, எஃப், ஜி, ஜி. ஒவ்வொரு வரியையும் தனி டேக்கா பதிஞ்சு, ஒண்ணை இடது பக்கம் பாதி தூரத்துக்கும் இன்னொண்ணை வலது பக்கம் பாதி தூரத்துக்கும் வைங்க. ஏ மைனர்ல மேல கேக்கிறது சியும் ஈயும், சி வரும்போது ஈயும் ஜியும். இப்போ ரெண்டு கோர்டும் காதுக்கு வேற வேற. எஃப்லேயும் ஜிலேயும் மூன்றாம் சுரம் குறையும், அதைக் கீபோர்டு பேட் கொடுத்துட்டுப் போகட்டும். கீபோர்டுக்கு டிஸ்டார்ஷன் இல்ல, அங்கே மூன்றாம் சுரம் சுத்தமா நிக்கும்.

ஒத்தைச் சுரத்துக்கு கெயின் கொஞ்சம் கூட இருந்தாலும் கெடாது. நீளமா இழுக்கும், பாடுற மாதிரி வரும். ஆனா ஒரு விஷயம் கவனிங்க: இந்த ட்ராக்குகளை எல்லாம் ஒரே பஸ்ல (பல ட்ராக் சேர்ற பொது வழி) சேர்த்து அந்த பஸ்ல ஆம்ப் சிம் போட்டுடாதீங்க. அப்படிப் பண்ணினா பிரிச்சு வாசிச்சதுக்கு அர்த்தமே இல்லாமப் போயிடும்.

அப்புறம் அந்த பேட் எந்த ஆக்டேவ்ல இருக்கு? கிட்டார் பவர் கோர்டு இருக்கிற இடத்துலேயே இடது கை கோர்டு பிடிச்சிருந்தா, கோரஸ்ல அந்த இடது கையை எடுத்துடுங்க. பாதிப் பாட்டுகள்ல கிட்டார் கலங்கலுக்கு நான் பார்த்த காரணம் கீபோர்டோட இடது கைதான்.

ஆறாவதுதந்தி

கெயின் இறக்கிப் பார்த்தேன். அஞ்சுக்குக் கீழே வந்ததும் சி சுரம் கேக்குது, உண்மைதான். ஆனா பழைய டிஐயையே வச்சுக் கேக்கும்போது அடி தளர்ந்து போச்சு, சில இடத்துல கோர்டு எழும்பவே மாட்டேங்குது. டிஐயைத் திரும்ப வாசிக்கணுமா? முன்னாடி ஒரு ட்யூப் ஸ்க்ரீமர் மாதிரி ஓவர்டிரைவ் பெடல் போட்டா சரியாகுமா? மதி சொன்ன வரிகளை இன்னும் பதியல. பேட் நீங்க சொன்ன அதே இடத்துலதான் இருக்கு.

கம்பிக்காரன்

திரும்ப வாசிங்க, தயங்காதீங்க. கெயின் எட்டுல வச்சுக் கேட்டுக்கிட்டே வாசிச்சா வலது கை தானா மென்மையாயிடும், ஏன்னா லேசாத் தொட்டாலே ஆம்ப் கத்துது. அந்த மென்மை டிஐல அப்படியே பதிவாகிடும். பதியும்போதே காதுல கேக்கிற கெயினை நாலுல வைங்க. கை தானா உறுதியா அடிக்கும். கோர்டு தொடங்குற அந்தக் கணம், பிக் தந்தியை விட்டு நழுவுற அந்த ‘டக்’, அதுதான் மிக்ஸ்ல கிட்டாரைப் பிரிச்சுக் காட்டுது. அதிக கெயின் அதைத்தான் முதல்ல தின்னுடுது, டிஸ்டார்ஷனே ஒரு கம்ப்ரசர் மாதிரி உச்சத்தை நறுக்கிடும்.

பதியறதுக்கு முன்னாடி கிட்டாரையே பாருங்க. தந்தி எப்போ மாத்தினீங்க? பழைய தந்தியில மேல் மடங்குகள் செத்துப்போயிருக்கும், அதை ஈக்யூ திரும்பக் கொண்டு வராது, இல்லாததை எப்படி ஏத்துறது? இன்டோனேஷன் (எல்லா ஃப்ரெட்லேயும் சுருதி சரியா நிக்கிறது) சரியா இருக்கான்னு 12ஆவது ஃப்ரெட்ல பாருங்க. ஒவ்வொரு டேக்குக்கும் முன்னாடி டியூன் பண்ணுங்க, நீங்க வாசிக்கிற அதே பலத்துல அடிச்சு டியூன் பண்ணுங்க. பலமா அடிச்சா சுரம் தொடக்கத்துல கொஞ்சம் மேலே போய்த்தான் இறங்கும். நாலு டேக் அடுக்கும்போது சின்ன விலகல்கூட கலங்கலாத்தான் கேக்கும். பிக்கப் தந்திக்கு ரொம்பக் கிட்ட இருந்தா காந்தம் தந்தியை இழுத்து அதிர்வையே கெடுக்கும். பிக்கப்போட தடித்த தந்திப் பக்கத்தைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்க, கீழ்த் தந்திகளோட கொழகொழப்பு அங்கேயே பாதி குறையும்.

வாசிக்காத தந்தியை ரெண்டு கையாலேயும் அடக்கி வைங்க. பவர் கோர்டுன்னு நினைச்சு வாசிக்கும்போது மூணாவது தந்தி சும்மா அதிர்ந்துக்கிட்டிருந்தா, பழையவால்வு சொன்ன கணக்கு எல்லாம் மறுபடி ஆரம்பிச்சிடும்.

பெடல் விஷயம்: ட்யூப் ஸ்க்ரீமரைப் போடுங்க, ஆனா ட்ரைவ் பூஜ்யம், லெவல் மேலே. அதோட சுற்றுல டிஸ்டார்ஷனுக்கு முன்னாடியே கீழ் அலைவரிசையைக் குறைக்கிற அமைப்பு இருக்கு, 720 ஹெர்ட்ஸ் பக்கத்துல இருந்து கீழே சரியும். ஆம்ப்புக்குள்ள போறதுக்கு *முன்னாடி* பேஸ் குறைஞ்சா, ஆம்ப் அந்தப் பேஸை நசுக்கிச் சேறாக்காது. ஆம்ப்புக்குப் *பின்னாடி* அதே அளவு வெட்டினா, சேறு ஆன பிறகு அளவைத்தான் குறைக்கிறீங்க. பெடல் இல்லாட்டியும் கவலை இல்ல, டிஐக்கும் ஆம்ப் சிம்முக்கும் நடுவுல சாதாரண ஈக்யூ ஒண்ணு வச்சு 150 ஹெர்ட்ஸ் பக்கம் மென்மையான ஹை-பாஸ் போட்டுப் பாருங்க. இழந்த கீழ்ப்பகுதியை வேணும்னா ஆம்ப்புக்கு அப்புறம் கொஞ்சம் ஏத்திக்கலாம், அப்போ அது சுத்தமா வரும்.

இன்டர்ஃபேஸ்ல கிட்டாரை எந்த உள்ளீட்டுல சொருகியிருக்கீங்கன்னும் பார்த்துடுங்க. கிட்டாருக்குன்னு இருக்கிற ஹை-இசட் உள்ளீடு ஒரு மெகாஓம் அளவுல இருக்கும். தவறிப்போய் லைன் உள்ளீட்டுல சொருகினா பிக்கப்போட மேல் பகுதி அப்படியே படுத்துடும். ஆம்ப் சிம்ல ஓவர்சாம்ப்ளிங்னு ஒரு பட்டன் இருந்தா கடைசியா பாட்டை ஃபைலா ஏற்றுமதி பண்ணும்போது அதைப் போட்டுடுங்க, டிஜிட்டல் டிஸ்டார்ஷன்ல மேலேயிருந்து மடங்கி வர்ற கண்ணாடிச் சத்தம் குறையும்.

இரவுமிக்ஸ்

பழையவால்வு சொன்னதைப் படிச்சேன். கெயினும் வாசிப்பும் முதல்லங்கிறதை முழுசா ஒத்துக்கிறேன். ஆனா ஈக்யூவைக் கடைசி வரிசைக்குத் தள்ளவும் கூடாது, ஏன்னா மிக்ஸ்ல கிட்டாரோட இடத்தைத் தீர்மானிக்கிறது பேஸும் குரலும். வாசிப்பு எவ்வளவு சுத்தமா இருந்தாலும் அந்த மோதல் இருக்கத்தான் செய்யும்.

நான் செய்யற முறை இது. கிட்டாரை சோலோவுல வச்சு ஈக்யூ தொடறதே இல்ல. சோலோவுல கேக்கும்போது கீழே கனமா இருந்தாத்தான் மனசுக்குப் பிடிக்கும், அந்தக் கனம்தான் பேஸ் கிட்டாரோட இடம். டிரம்ஸும் பேஸும் முதல்ல நல்லா நின்னதுக்கு அப்புறம் கிட்டாரை மெதுவா ஏத்துவேன். பேஸோட திறந்த ஈ 41 ஹெர்ட்ஸ், அதோட ரெண்டாம் மடங்கு 82ல வந்து கிட்டார் ஈ மேலேயே உட்காருது. காதுக்குக் ‘கிட்டார் கனமா இருக்கு’ன்னு படறதுல பெரும்பகுதி உண்மையிலேயே பேஸ் கொடுக்கிறதுதான். பேஸை மியூட் பண்ணிப் பாருங்க, எவ்வளவு கனமான கிட்டாரும் சட்டுனு சுருங்கிடும். இது தெரிஞ்சுட்டா கிட்டார்ல ஹை-பாஸை 100, 110 வரைக்கும் ஏத்த கை நடுங்காது.

பேஸ்லேயும் கொஞ்சம் கிரிட் (லேசான டிஸ்டார்ஷன்) சேர்த்தா, 700லிருந்து 1000 ஹெர்ட்ஸ் வரைக்கும் பேஸ் வரி புரிய ஆரம்பிக்கும். கோர்டு மாறுறது காதுக்குத் தெரியறதுல பேஸுக்குப் பெரிய பங்கு உண்டு.

3லிருந்து 5 கிலோஹெர்ட்ஸுக்குள்ள ‘ஸ்ஸ்’னு நிரந்தரமா ஒரு விசில் இருக்கான்னு தேடுங்க. டிஸ்டார்ஷன் கிட்டார்ல அநேகமா ஒண்ணு ரெண்டு இருக்கும், எந்தக் கோர்டு வந்தாலும் அதே இடத்துல அசையாம நிக்கும். அதுக்கு மட்டும் ஊசி மாதிரி குறுகலா ஒரு வெட்டு, 4, 5 டெசிபல். அது போனதும் மொத்தத்தையும் இறக்காமலே குத்தல் அடங்கிடும். ஆனா இதுக்கும் ஓர் அளவு இருக்கு. தேடித் தேடிப் பத்து இடத்துல ஓட்டை போட்டா கிட்டார் உயிரில்லாமப் போயிடும். அவ்வளவு விசில் இருந்தா ஐஆரையே மாத்துங்க. ஐஆர் மாத்துறது எந்த ஈக்யூவை விடவும் பெரிய மாற்றம், அதை ஈக்யூ தொடறதுக்கு முன்னாடி முடிவு பண்ணணும்.

குரல் பாடுற இடத்துல மட்டும் கிட்டார் பஸ்ல 2லிருந்து 4 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் ஒண்ணு ரெண்டு டெசிபல் இறங்குற மாதிரி டைனமிக் ஈக்யூ (தேவைப்படும்போது மட்டும் இறங்குற ஈக்யூ) வச்சு, அதைக் குரல்ல இருந்து சைட்செயின் பண்ணுங்க, அதாவது குரல் வந்தா மட்டும் அது இயங்கணும். பாடாத இடத்துல கிட்டார் தன் முழுப் பளபளப்போட இருக்கும்.

ரிவெர்பை மறந்துடாதீங்க. ரிதம் கிட்டாருக்கு நீளமான ரிவெர்ப் போட்டிருந்தா முதல்ல அதை மியூட் பண்ணிட்டு மத்த எல்லாத்தையும் கேளுங்க. போட்டே ஆகணும்னா சென்ட்ல (தனி வழியில) போட்டு, ரிவெர்புக்கு முன்னாடி 300 ஹெர்ட்ஸ்ல ஹை-பாஸ், 20, 30 மில்லிசெகண்ட் ப்ரீ-டிலே (ரிவெர்ப் தொடங்குறதுக்கு முன்னாடி விடற இடைவெளி).

கடைசியா, மெல்லிய சத்தத்துல கேட்டு முடிவெடுங்க. சத்தம் குறையும்போது காது கீழ் அலைவரிசையைக் குறைவாக் கேக்கும், ஃப்ளெட்சரும் மன்சனும் 1933லேயே அளந்து காட்டின விஷயம். அந்த மெல்லிய சத்தத்துல கோர்டு மாறுறது புரிஞ்சா உங்க மிக்ஸ் எங்கேயும் நிக்கும்.

புதுமைக்

இடையில வர்றதுக்கு மன்னிக்கணும். எனக்கும் இதே கலங்கல்தான், ஆனா நான் நிஜ ஆம்ப்ல மைக் வச்சுப் பதியறேன். ஸ்பீக்கருக்கு ஒட்டி ஒரு எஸ்எம்57 டைனமிக் மைக், கொஞ்சம் தள்ளி ஒரு ரிப்பன் மைக். தனித்தனியா ரெண்டும் நல்லா இருக்கு, சேர்த்தா குழாய்க்குள்ள பேசற மாதிரி ஆயிடுது. இன்னொரு கேள்வி: ஒரே டேக்கைக் காப்பி பண்ணி வலது பக்கத்தை 15 மில்லிசெகண்ட் தள்ளி வச்சா டபுள் ட்ராக் ஆயிடும்ல?

செவிவழி

குழாய்ச் சத்தம்னாலே தூரத்தைச் சந்தேகப்படுங்க. ஒலி ஒரு மில்லிசெகண்டுக்குச் சுமார் 34 சென்டிமீட்டர் போகும். ரெண்டாவது மைக் 10 சென்டிமீட்டர் பின்னாடி இருந்தா அதுக்கு ஒலி 0.29 மில்லிசெகண்ட் தாமதமா வரும். ரெண்டையும் சம அளவுல கூட்டினா 1,700 ஹெர்ட்ஸ் பக்கத்துல ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும், மறுபடி 5,100 பக்கத்துல. கிட்டாரோட பேச்சு புரியற இடமே அந்த 1,700தான், அது போனா என்ன மிஞ்சும்?

ரெண்டு மைக்கோட முகமும் ஸ்பீக்கர்ல இருந்து ஒரே தூரத்துல இருக்கிற மாதிரி வைங்க. ரிப்பன் மைக்குக்குள்ள ஒலியைப் பிடிக்கிற உலோகப் பட்டை எந்த ஆழத்துல இருக்குங்கிறதையும் கணக்குல சேர்த்துக்கணும், உறையோட விளிம்பை மட்டும் பார்த்து அளந்தா தப்பா வரும். அதுக்கு ஒரு வழி இருக்கு. ஒரு மைக்கோட போலாரிட்டியை (அலையோட மேல்-கீழ் திசையை) திருப்பிப் போட்டு, ரெண்டையும் சம அளவுல வச்சு, ஹெட்ஃபோன்ல கேட்டுக்கிட்டே ஒண்ணை மட்டும் மெதுவா நகர்த்துங்க. சத்தம் எந்த இடத்துல மிக ஒல்லியா, வெறுமையா ஆகுதோ அங்கேயே நிறுத்திட்டுப் போலாரிட்டியைப் பழையபடி திருப்புங்க. இப்போ ரெண்டும் கைகோத்து நிக்கும். ஏற்கனவே பதிஞ்ச ட்ராக்கா இருந்தா, 48 கிலோஹெர்ட்ஸ் பதிவுல 10 சென்டிமீட்டருக்கு 14 சாம்பிள் தள்ளினாப் போதும்.

எஸ்எம்57 இடம் பத்தியும் சொல்லிடறேன். ஸ்பீக்கர் நடுவுல இருக்கிற மூடிக்கு நேரா வச்சா கூர்மை, சலசலப்பு. ஓரத்துக்கு நகர நகர இருட்டு. மூடியும் கூம்பும் சேர்ற விளிம்பு நல்ல தொடக்கம், அங்கேயிருந்து விரல் அகலம் நகர்த்தினாலே வித்தியாசம் தெரியும். ஸ்பீக்கர் முகப்புத் துணியில ஒட்டியே வச்சா ப்ராக்ஸிமிட்டி விளைவால (மைக் கிட்டப் போகப் போக பேஸ் கூடுறது) கீழ்ப்பகுதி வீங்கும். கலங்கல் இருந்தா ஈக்யூவைத் தேடாம மைக்கைக் கொஞ்சம் பின்னாடி இழுங்க. ஆம்ப்பைத் தரையில இருந்து தூக்கி வைங்க. ஆம்ப் முன்னாடி நின்னு கேட்டு டோன் வைக்காதீங்க, மைக் எதைக் கேக்குதோ அதை வேற அறையிலேயோ ஹெட்ஃபோன்லேயோ கேட்டு வைங்க.

காப்பி பண்ணித் தள்ளி வைக்கிறது டபுள் ட்ராக் ஆகாது. ஹெட்ஃபோன்ல அகலமா இருக்கும், நிஜம்தான். ஆனா ஒரே அலைவடிவம் 15 மில்லிசெகண்ட் தள்ளி ரெண்டு முறை இருக்குன்னா, மோனோவுல கேக்கும்போது 33 ஹெர்ட்ஸ்ல தொடங்கி 67 ஹெர்ட்ஸுக்கு ஒண்ணுன்னு வரிசையா பள்ளம் விழும். ஃபோன் ஸ்பீக்கர்ல உங்க கிட்டார் தகர டப்பா ஆகிடும். ரெண்டாவது முறை நிஜமா வாசிங்க. கையோட சின்னச் சின்ன வித்தியாசம்தான் அகலத்தைக் கொடுக்குது, அதுக்குக் குறுக்கு வழி கிடையாது. வலது பக்கத்துக்கு வேற கிட்டாரோ வேற பிக்கப்போ இருந்தா இன்னும் நல்லது.

ஆறாவதுதந்தி

தந்தி மாத்தி, கெயின் நாலுல கேட்டுக்கிட்டே எல்லாத்தையும் புதுசா வாசிச்சேன். முன்னாடி ட்யூப் ஸ்க்ரீமர் சிம், ட்ரைவ் பூஜ்யம். நாலு முழு கோர்டு டேக்குக்குப் பதிலா இடது ஒண்ணு, வலது ஒண்ணு, பவர் கோர்டு மட்டும். அதுக்கு மேல மதி எழுதின ரெண்டு வரி. பேட்ல இடது கையை எடுத்தாச்சு.

ட்ராக் எண்ணிக்கை அதேதான், ஆனா கோரஸ் முன்னாடி இருந்ததை விடப் பெருசா கேக்குது. மூணாவது கோர்டுல அந்த வரி 9ஆவது ஃப்ரெட்டுக்கு ஏறும்போது சி வந்துடுச்சுன்னு பாட்டைத் தெரியாதவங்களுக்கும் புரியும். ஈக்யூ ரொம்பக் கம்மி: 100ல ஹை-பாஸ், 3.8 கிலோஹெர்ட்ஸ்ல ஒரு விசிலுக்குக் குறுகலான வெட்டு. 300ல வெட்டவே இல்ல. வெட்டினா இப்போ கிட்டார் காணாமப் போகுது.

இன்னும் ஒரே ஒரு இடம். சரணத்துல ஆறாவது தந்தியில பாம் மியூட் (உள்ளங்கையால தந்தியை அடக்கி வாசிக்கிறது) ரிஃப் இருக்கு. ஒவ்வொரு அடிக்கும் ‘தும் தும்’னு கீழே வீங்கி, கிக்கையும் பேஸையும் மூடிடுது. 120ல வெட்டினா பாம் மியூட் சரியாகுது, ஆனா அதே ட்ராக்ல நடுவுல வர்ற திறந்த கோர்டு உதிர்ந்து போகுது.

இரவுமிக்ஸ்

கேக்கவே சந்தோஷமா இருக்கு. 300 வெட்டாததுதான் சரி, அங்கே இப்போ நல்ல சரக்கு இருக்கு.

பாம் மியூட்டுக்கு நிலையான வெட்டு வேண்டாம். மல்ட்டிபேண்ட் கம்ப்ரசரோ (ஒவ்வொரு அலைவரிசைப் பகுதியையும் தனியா அமுக்குறது) டைனமிக் ஈக்யூவோ எடுத்து, 90லிருந்து 220 ஹெர்ட்ஸ் வரைக்கும் ஒரே ஒரு பேண்டு மட்டும் வைங்க, மத்த பேண்டெல்லாம் சும்மா இருக்கட்டும். பாம் மியூட் விழும்போது 3, 4 டெசிபல் இறங்குற மாதிரி த்ரெஷோல்டு (அமுக்கத் தொடங்குற சத்த எல்லை). திறந்த கோர்டு வரும்போது மீட்டர் அசையவே கூடாது, அசைஞ்சா த்ரெஷோல்டைக் கொஞ்சம் மேலே தூக்குங்க. அட்டாக் (அமுக்கம் பிடிக்க எடுக்கிற நேரம்) 5லிருந்து 10 மில்லிசெகண்ட், அப்போதான் அடியோட முதல் குத்து தப்பிச்சு வெளியே வரும். ரிலீஸை (அமுக்கம் விடற நேரத்தை) அடுத்த அடிக்கு முன்னாடி மீட்டர் பூஜ்யத்துக்குத் திரும்புற அளவுக்கு வைங்க. இடது, வலது ரெண்டு ட்ராக்குக்கும் தனித்தனியா போடுங்க, பஸ்ல போட்டா ஒரு பக்க அடி இன்னொரு பக்கத்தையும் இழுக்கும்.

கம்பிக்காரன்

அதைப் போடறதுக்கு முன்னாடி உள்ளங்கையைப் பாருங்க. பிரிட்ஜை விட்டு பிக்கப் பக்கமா கை நகர நகர ‘தும்’ கூடும், சுரம் குறையும். பிரிட்ஜோட விளிம்புலேயே, தந்தி அதுல உட்கார்ற இடத்துல கையை வைங்க. பேஸ் வாசிக்கிறவரையும் அந்த ரிஃப்ல சுரத்தை நீட்டாம உங்களோட சேர்ந்தே நிறுத்தச் சொல்லுங்க. கிட்டார் ‘டக்’னு நின்ன பிறகும் பேஸ் ஓடிக்கிட்டிருந்தா அதுவும் உங்க ‘தும்’ கணக்குலதான் சேரும். பேஸும் டிஐல இருந்தா திரும்ப வாசிக்கக்கூட வேண்டாம், ஒவ்வொரு சுரத்தோட வாலையும் கிட்டார் நிக்கிற இடத்துல வெட்டி, சின்னதா ஃபேட் போட்டுக் கேளுங்க. அதுக்கப்புறமும் வீக்கம் இருந்தா இரவுமிக்ஸ் சொன்ன பேண்டைப் போட்டுக்கலாம், அப்போ 4 டெசிபலுக்குப் பதிலா 2லேயே வேலை முடிஞ்சிடும்.